கொல்லைப்புறத்து விருந்தாளிகள்

சில மாதங்களுக்கு முன், நமது கொல்லை வேலிப் புதரடியில் ஒரு தாய் முள்ளெலியும் இரண்டு குட்டிகளும் குடியிருக்கக் கண்டோம். தென்னாட்டு வறண்ட நிலங்களுக்கே உரிய பிராணி இது. 1851இல் ஹார்ஸ்பீல்டு என்னும் விஞ்ஞானி இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். பெயரில் எலி இருப்பினும் எலியினம் அன்று, மூஞ்சூறுதான் உறவு.

வந்த அதிதிகளுக்கு முதல் நாள் ஒரு கிண்ணம் பசும்பால் வைத்தோம். அது பிழை. பால் அவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்குக் காணும். தாழ்ந்த தட்டில் தண்ணீர் வைத்து, பூச்சி மருந்து தெளிக்காமல் இருந்தால் போதும்; வண்டையும் புழுவையும் அவையே தேடிக்கொள்ளும். சருகைக் கொளுத்துமுன் கிளறிப் பார்ப்பதும் அவசியம். ஆபத்து வந்தால் முள்ளெலி ஓடுவதில்லை, பந்தாகச் சுருண்டுகொள்ளும். நாயிடமிருந்து காக்கும் அவ்வழக்கம் நெருப்பிடமும் மோட்டார்ச் சக்கரத்திடமும் பலிப்பதில்லை.

மூன்றாம் நாள் அண்டை வீட்டுப் பாட்டியம்மாள் வந்தார். பேரனுக்குக் கக்குவான் இருமல். "ஒன்றைப் பிடித்துக் கொடு தம்பி, முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் இருமல் நின்றுவிடும்" என்றார். குழந்தை இரவெல்லாம் இருமியது நமக்கும் கேட்டிருந்தது. மறுக்க நா எழவில்லை. கொடுக்கவும் மனம் வரவில்லை. உடனே வண்டி பிடித்து, இருவரையும் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மருந்து கொடுத்தார்; போடத் தவறிய தடுப்பூசியையும் பாட்டியம்மாளுக்கு எடுத்துரைத்தார்.

பேரன் தேறச் சில வாரங்கள் ஆயின. இப்பொழுது மாலைதோறும் அந்தத் தட்டில் தண்ணீர் நிரப்புகிறவன் அவன்தான்.