பெட்டியைத் திறந்து பார்த்த பின் கார்டை வாங்குங்கள்



வீடியோ எடிட்டிங்கைச் சுயதொழிலாகத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது, "அக்கா, எந்த கிராபிக்ஸ் கார்ட் நல்லது?" என்பதைத்தான். நானும் ஒரு காலத்தில் கடையில் இதையே கேட்டேன். அதனால் பட்ட நட்டத்தைச் சொல்கிறேன்.

வட்டவளையில் ஓர் அம்மா தன் மகளின் கலியாண வீடியோவை என்னிடம் தந்தார். வன்னியிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இடம்பெயர்ந்தபோது பழைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "இதையாவது நல்லா செஞ்சு தாம்மா" என்றார். என் பழைய கணனியோ டாவின்சி ரிசால்வ் மென்பொருளைத் திறந்தாலே திணறியது. கடன்பட்டு, பாவித்த கார்ட் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். எடிட் செய்ததை வீடியோவாக வெளியே எடுக்கும் நேரம் பார்த்துக் கணனி அணைந்துவிடும். திரும்பப் போட்டாலும் அதே கதைதான்.

கார்டில் பழுதில்லை. அது கேட்ட மின்சாரத்தைக் கொடுக்க என் கணனியின் 300 வாட் பவர் சப்ளையால் முடியவில்லை. ஆகவே, நீங்கள் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் மென்பொருள். கேடென்லைவ், ஷொட்கட் ஆகிய இலவச மென்பொருட்கள் பெரும்பாலும் புரொசசரைக் கொண்டே வேலை செய்கின்றன. அவற்றுக்குப் பெரிய கார்ட் அவசியமில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு கார்டையே நம்பியிருக்கிறது. கார்டில் 4 ஜிபி நினைவகமும் கணனியில் 16 ஜிபி ராமும் இருப்பது நல்லது.

இரண்டாவது பெட்டி. மதர்போர்டில் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை இருக்க வேண்டும். அத்துளை 75 வாட் வரையே கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். 2019 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 இல் வயர் வேண்டாத கார்டுகளும் உண்டு, வேண்டியவையும் உண்டு. கார்டின் ஓரத்தில் வயர் செருகும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகங்களில் கழித்த ஒடுங்கிய பெட்டி என்றால் உயரம் குறைந்த கார்ட்தான் பொருந்தும்.

மூன்றாவது, பாவித்த கார்ட். பழைய கார்டுக்குப் புதிய பெயரைப் பதிந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். பொருத்திய பின் மொனிட்டர் வயரை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகுங்கள்.

அந்தக் கலியாண வீடியோவை எப்படி முடித்தேன் தெரியுமா? கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, கேடென்லைவில் 'புரொக்சி' முறையில் வேலை செய்தேன். வீடியோவின் சிறிய நகலை வைத்து வெட்டி ஒட்டுவோம். முடிவில் மென்பொருள் பெரிய அசலிலிருந்தே படத்தை எடுத்துக்கொள்ளும். வெளியே எடுக்க ஓர் இரவு முழுவதும் பிடித்தது. ஆனால் கணனி அணையவில்லை. அந்த அம்மா வீடியோவைப் பார்த்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

ஆகவே சகோதரிகளே, இருக்கிற கணனியில் முதலில் இதைச் செய்து பாருங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டும் கார்டுக்காகக் கடன்படுங்கள்.