ரெண்டு காட் போட்டால் ரெண்டு மடங்கு சூடு

"புதுசு என்னத்துக்குத் தம்பி? உங்கட காட் மாதிரியே பழசு ஒண்டு கிடக்கு. சோடியாப் போடுங்கோ, டபுள் பவர்." கம்பியூட்டர் கடைகளில் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. மகாபொல காசை மாதக்கணக்காய்ச் சேர்த்துக்கொண்டு போற பிள்ளையளின் தலையில் பழைய காட்டைக் கட்டிவிடுவதற்கு இதுதான் லேசான வழி.

நாங்கள் நேரடியாகவே சொல்கிறோம்: கேம் விளையாட ரெண்டு காட் என்பது செத்துப்போன தொழில்நுட்பம். 2004இல் என்விடியா எஸ்எல்ஐயைக் கொண்டுவந்தது, அடுத்த வருடம் ஏடிஐ குரொஸ்ஃபயரோடு வந்தது. ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் டிரைவரில் தனி புரொஃபைல் இருந்தால்தான் ரெண்டாவது காட் உருப்படியாய் வேலை செய்யும். பழைய காட்களுக்குப் புதிய புரொஃபைல் சேர்ப்பதை 2021 ஜனவரியோடு என்விடியாவே நிறுத்திவிட்டது. ஜிடிஎக்ஸ் 1060க்கு எஸ்எல்ஐ ஆரம்பத்திலிருந்தே இல்லை. "நாலும் நாலும் எட்டு ஜிபி" எண்டு சொல்லுறதும் பொய். ஒரே தரவைத்தான் ரெண்டு காட்டும் தனித்தனியே வைத்திருக்கும். நாலு நாலாகத்தான் இருக்கும்.

சரி, சூடு? ஜிடிஎக்ஸ் 1070 ஒன்று 150 வோட் இழுக்கும். ரெண்டு எண்டால் 300. அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ரெண்டு மூன்று ஃபான் உள்ள காட்கள் அந்தச் சூட்டைக் கேசுக்குள்ளேயே தள்ளும். கீழ்க் காட்டின் சூட்டை மேல் காட் உறிஞ்சும். 83 பாகை அளவில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அறைக் காற்றைவிடக் குளிராக்க எந்த ஃபானாலும் ஏலாது. ஏசி அறையில் எடுத்த ரிவியூ வீடியோவை நம்பி, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் காட் வாங்கலாமோ?

"அப்ப ரெண்டு காட் வீணோ?" எல்லா வேலைக்கும் இல்லை. பிளெண்டரில் ரெண்டர் செய்பவருக்கு எஸ்எல்ஐ இல்லாமலே ரெண்டும் உழைக்கும். அங்கேயும் காட்களுக்கு இடையில் இடைவெளி வேணும், பவர் சப்ளை தாங்க வேணும். அதையெல்லாம் விசாரிக்காமல் விற்பது வியாபாரமில்லை, ஏமாற்று.

எங்கட ஆலோசனை இதுதான். தூசியைத் தட்டுங்கள், தேர்மல் பேஸ்டை மாற்றுங்கள், கேசின் முன்பக்கம் காற்று உள்ளே வர வழி விடுங்கள். அதுவும் போதாவிட்டால் இருக்கிற காட்டை விற்று, பலமான ஒரேயொரு காட் வாங்குங்கள். கடைக்காரர் திரும்பவும் "டபுள் பவர்" எண்டால் ஒண்டே ஒண்டு கேளுங்கோ: "நான் விளையாடுற கேமில ரெண்டும் சேர்ந்து ஓடுறதைக் காட்டுங்கோ, பிறகு காசு தாறன்."