முதலாளியும் நானே, கூலியும் நானே

"உனக்கென்னப்பா, வீட்லயே வேலை. நெனச்சா எழுந்திருக்கலாம், நெனச்சா தூங்கலாம்."

ஒரு கல்யாணத்துல சித்தப்பா இதைச் சொன்னப்போ என் தோள்பையில லேப்டாப் இருந்துச்சு. பந்தியில இருந்து எழுந்து, மண்டபத்து மாடிப்படியில உட்கார்ந்து ஒரு திருத்தத்தை அனுப்பிட்டு வந்துதான் மொய்யே எழுதினேன். இதுதாங்க ஃப்ரீலான்ஸ் சுதந்திரம் :-)

இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது. அஞ்சு மணிக்கு எழுந்திரு, யோகா பண்ணு, தினம் ஒரு மணி நேரம் புதுசா படி, டைம்டேபிள் போடு. நானும் போட்டேன் சாமி. கலர் கலரா ஸ்கெட்ச் பேனாவுல... ஒன்பது நாள் ஓடுச்சு. பத்தாவது நாள் அவசர வேலை ஒண்ணு வந்துச்சு. அவ்ளோதான்.

ரொம்ப நாளா இதை என் சோம்பேறித்தனம்னே நெனச்சுட்டு இருந்தேன். இப்போ அப்படி நெனைக்கல. இது மனவுறுதிப் பிரச்சினை இல்ல, விலைப் பிரச்சினை. ரேட்டைத் தப்பா போட்டவன் எத்தனை டைம்டேபிள் போட்டாலும் தேற மாட்டான். இதுதான் என் கட்சி.

முதல்ல நான் வாங்கின ரெண்டு அடியைச் சொல்லிடறேன்.

ஒண்ணு ஃப்ளாஷ். கம்பெனிகளுக்குப் பயிற்சிப் பாடங்களை ஃப்ளாஷ்ல செஞ்சு தர்றதுதான் என் பொழைப்பா இருந்துச்சு. ஐபோன்ல ஃப்ளாஷை ஏன் விடறதில்லைன்னு 2010 ஏப்ரல்லயே ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கமா கடிதம் எழுதிட்டார். 2017 ஜூலையில அடோபியே '2020 கடைசியோட கடையை மூடறோம்'னு அறிவிச்சுது. மூணு வருஷத்துக்கு மேல நோட்டீஸ்! ஜாவாஸ்கிரிப்டை உருப்படியா கத்துக்க அது தாராளம். நான் என்ன பண்ணேன்? பிஸியா இருந்தேன். பழைய ஃப்ளாஷ் பாடங்களுக்குத் திருத்தம் போடறதுல பிஸி. 2021 பொறந்தப்போ கையில வேலையும் இல்ல, வித்தையும் இல்ல.

ரெண்டாவது சர்க்கரை. நியூயார்க்ல காலை 9 மணின்னா நமக்கு அவங்க கோடையில மாலை 6.30, குளிர்காலத்துல 7.30. ஊரே நடக்கப் போற நேரத்துல நான் ஹெட்போனை மாட்டணும். ராத்திரி ஒரு மணிக்குத் துணைக்கு மிக்சர் பாக்கெட். மூணு மாச சராசரியைக் காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 6.3 வந்துச்சு. 6.5-ஐத் தொட்டா சர்க்கரை நோய்னே பேர். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு வீட்டம்மா ஒண்ணுமே சொல்லல. அதுதான் பயமா இருந்துச்சு.

அப்புறந்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 12 லட்சம் வேணும்னு வைங்க (தொகையை உங்க வசதிக்கு மாத்திக்குங்க). 52 வாரம், வாரம் 40 மணி நேரம், மொத்தம் 2,080. வகுத்தா மணிக்கு 577 ரூபாய். நான் கேட்டுட்டு இருந்ததும் ஏறக்குறைய இந்த ரேட்தான்.

இதுல எங்க ஓட்டை? கம்பெனியில இருக்கிறவருக்குப் பொங்கல் லீவு, காய்ச்சல் லீவு, பயிற்சி வகுப்பு எல்லாத்துக்கும் சம்பளம் ஓடுது. நமக்கு யார் தருவா? அதனால பண்டிகை, காய்ச்சல்னு 5 வாரத்தைக் கழிங்க. மீதி 47. வாரத்து 40 மணி நேரத்துல கொட்டேஷன், மெயில், வர வேண்டிய காசுக்கு அலையறது எல்லாம் 7.5 மணி நேரம். படிப்புக்கு 5. வேகமான நடை மாதிரி உடற்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொல்லியிருக்கு, அது 2.5. போக மிச்சம் 25 மணி நேரத்துக்குத்தான் காசு கேட்க முடியும். 47 × 25 = 1,175. இப்போ வகுங்க. மணிக்கு 1,021 ரூபாய்!

நடுவுல இருக்கிற அந்த 444 ரூபாயை இத்தனை நாள் யார் கொடுத்தா? நான்தான். நடக்காத நடை, தூங்காத தூக்கம், படிக்காம விட்ட பாடம் எல்லாத்தையும் சேர்த்து கிளையண்டுக்கு மானியமா கொடுத்திருக்கேன். அவங்க கேட்கக்கூட இல்ல.

"ரேட்டை ஏத்தினா 300 ரூபாய்க்குச் செய்ய வேற ஆள் வருவான்"னு சொல்வீங்க. நெசந்தான். புதுசா தொழிலுக்கு வர்றவங்களால ஒரே நாள்ல இதைச் செய்ய முடியாது. நானும் புது வேலைகளுக்குத்தான் முதல்ல புது ரேட் சொன்னேன். மூணு பேர்ல ரெண்டு பேர் பதிலே போடல. மூணாவது ஆள் சரின்னுட்டார். பழைய கிளையண்ட் ஒருத்தர் கழண்டுக்கிட்டார், அந்த மாசம் கையைக் கடிச்சுது. ஆனா ரேட்டை ஏத்தாம நேரத்தை ஏத்தறதும் இலவசம் இல்லையே. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல உழைக்கிறவங்களுக்கு, 35-40 மணி நேரம் உழைக்கிறவங்களை விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல சொன்னாங்க. அந்த பில்லை எந்த கிளையண்டுக்கு அனுப்பறது?

இப்பல்லாம் காலையில மெரினாவுல நடக்கறேன். உழைப்பாளர் சிலையைத் தாண்டும்போதெல்லாம் சிங்காரவேலர் ஞாபகம் வரும். 1923-ல இதே சென்னைக் கடற்கரையிலதான் இந்தியாவோட முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலைக்காக உலகமே போராடினதோட அடையாளம் அந்த நாள். அவங்களுக்கு எதிர்ல ஒரு முதலாளி இருந்தார், கொடி பிடிக்க முடிஞ்சுது. நமக்கு? கண்ணாடி முன்னாடி நின்னுதான் கோஷம் போடணும் :-)

உங்க மணி நேர ரேட்ல உங்க நடையும் படிப்பும் இருக்கா? ஒரு தடவை வகுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க மக்கா.

பி.கு: கடைசி ஹெச்பிஏ1சி 5.9. மிக்சரை மட்டும் இன்னும் முழுசா விட முடியல...