வானம் வேண்டுமா, வீடு வேண்டுமா?

பழைய ஆண்டு மலர்களைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். மாணவியர் எடுத்த புகைப்படங்களில் கட்டடம் ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் மாலை வேளையில் எடுத்ததாகவே இருக்கும். செக்கச் சிவந்த வானம். அதன் முன்னே கரிக்கட்டையாய் ஒரு கட்டடம். அது எந்தக் கட்டடம் என்பது படத்தின் கீழே அச்சிட்டிருப்பதால்தான் நமக்குத் தெரியவருகிறது. இத்தகைய படங்களை நானும் எடுத்தவள்தான்; ஒருமுறை பரிசும் பெற்றேன். ஆயினும் சென்ற மே மாதத்துக்குப் பிறகு என் கருத்து மாறிவிட்டது. கட்டடத்தைப் படம் எடுக்கும்போது, இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், வானத்தை விட்டுவிட வேண்டும் என்பேன்.

குரோம்பேட்டையில் என் தாத்தா 1961ஆம் ஆண்டில் கட்டிய வீடு ஒன்று இருந்தது. முன்புறம் இரண்டு தூண், மயில் போட்ட ஜன்னல் கம்பி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பில் எழுப்பிய ஆண்டு எண். அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுவதற்காக அதை இடிப்பதென்று முடிவாயிற்று. இடிப்பதற்கு முன்தினம் மாலை எல்லோரும் போயிருந்தோம். அன்று வானம் அப்படி ஓர் அழகு! கைபேசியில் நாற்பது படங்களாவது எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் காட்டினேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். “வானம் நல்லா இருக்குடி. வீடு எங்கே?” என்றார்.

வீடு இருந்தது, கறுப்பாக இருந்தது. ஏன் அப்படி? காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வீடு, வானம், பாட்டி என்ற வேற்றுமையெல்லாம் தெரியாது. தன் முன் தெரிவது முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் அமைய வேண்டும் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே நியாயம். சட்டத்தில் பாதிக்கு மேல் வெளிச்சமான வானம் இருந்தால், “அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!” என்று ஒளியைக் குறைத்துவிடும். நிழலில் நிற்கும் சுவரைவிட மாலை வானம் 16 மடங்கு, சில சமயம் 32 மடங்குகூட ஒளி மிகுந்திருக்கக் கூடும். வானத்துக்குச் சரியான அளவு, சுவருக்குப் பட்டினி.

இதில் நம் ஊர் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வாசல் கிழக்குப் பார்த்திருந்தால் விசேஷம் என்று தேடிக் கட்டுவார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். அப்படிப்பட்ட வீட்டின் முகப்பை மாலையில் எடுத்தால் சூரியன் கூரைக்குப் பின்னால்தானே இருப்பான்? காலை ஏழு மணிக்குப் போயிருந்தால் தூணும் மயிலும் தாமாகவே பளிச்சென்று விழுந்திருக்கும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு அன்று தோன்றவில்லை. தாம்பரம் ரயில் நிலையத்துக்கும் இதே கணக்குத்தான். கிழக்குத் தாம்பரத்தில் நின்று மாலையில் எடுத்தால் வானம் எதிரே கண்ணைக் குத்தும். மேற்குப் பக்கம் நின்று எடுத்தால் வெயில் நம் முதுகில் இருக்கும். ஐப்பசி மாதத்தில் கிழக்கே கருமேகம் திரண்டிருக்கும் மாலை என்றால் கேட்கவே வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “வானம் ஒருமுறை வெளுத்துவிட்டால் மீளாது. கறுத்த சுவரைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம்” என்றான். அவன் சொன்னது பாதி உண்மை. குடம் நிரம்பி வழிந்த தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. அடியில் கொஞ்சம் இருந்தால் மொண்டு எடுக்கலாம். ஆனால் அடியில் ஒட்டியிருப்பது ஒரு கை அளவுகூட இல்லையென்றால் எதை மொள்வது? என் படங்களை அவனே வெளிச்சமாக்கிப் பார்த்தான். சுவர் முழுவதும் ரவையைக் கொட்டினாற்போலப் புள்ளிகள். மயில் கோழியாயிற்று. 1961 என்பதில் ஒன்பது மட்டும் தேறியது.

இப்போதைய கைபேசிகள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் சுவரை வேறொன்றிலிருந்தும் கோத்துத் தருகின்றன. என் கைபேசியிலும் அந்த வசதி இருந்தது; வானம் மங்குகிறதே என்று நான்தான் அணைத்து வைத்திருந்தேன்! அந்த வசதி இல்லாவிட்டாலும், சுவரின்மேல் விரலை வைத்து ஒளியைக் கூட்டி ஒரு படம், வானத்துக்கு ஒரு படம், நடுவே ஒன்று என மூன்று எடுத்திருக்கலாம். அல்லது பொறுத்திருக்கலாம். சூரியன் மறைந்தபின் ஏறக்குறைய இருபது நிமிடங்களுக்குள் வானமும் சுவரும் ஒன்றுக்கொன்று இறங்கிவரும் நேரம் ஒன்று உண்டு. ஜன்னலில் விளக்கும் எரிந்தால் அதைவிட அழகான வேளை இல்லை. எங்கள் வீட்டில்தான் அதற்கு முந்தின வாரமே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

இது புதிய தொல்லையும் அல்ல. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் எடுத்தார். அக்காலத்து இரசாயனம் நீல நிறத்துக்கு மிக விரைவில் மசிந்துவிடும். கல் பதிவதற்குள் வானம் வெள்ளையாகிவிடும். அவர் கல்லைத்தான் தேர்ந்துகொண்டார். வெறுமையாய்ப் போன வானத்தில், சில படங்களுக்குத் தூரிகையால் நெகட்டிவ்மேல் மேகம் தீட்டினார். மேகத்தைக் கையால் வரைந்துவிடலாம், கோபுரத்துச் சிற்பத்தை அப்படி வரைந்து நம்பச் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாலை வானமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பரங்கிமலை உச்சியில் 1523இல் எழுப்பிய ஆலயத்தைக் கீழேயிருந்து பார்த்தால் எந்தப் பக்கமும் வானம்தான் பின்னணி. அந்தியில் அதன் நிழலுருவத்தை எடுக்க எனக்கும் ஆசைதான். ஆலயம் அங்கேயே இருக்கிறது. நாளைக் காலை மின்ரயிலேறி மறுபடி போகலாம். ஆனால் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் தனி வீடுகள் மாதத்துக்கொன்றாய் மறைவதை நம் பள்ளிப் பேருந்தின் ஜன்னல் வழியாகவே காண்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பேச்சு அடிபட்டால், பெற்றோரிடம் சொல்லி, வெயில் முகப்பில் விழும் நேரத்தில் ஒருமுறை போய்விடுங்கள். வாசற்படி, திண்ணை, கதவின் கொண்டி வரை எடுங்கள்.

பாட்டியின் அலமாரியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் விழும் காமிராவில், 1974இல், தாத்தாவின் தம்பி எடுத்தது. வானம் வெறும் வெள்ளைக் காகிதம். தூண் இரண்டும் நிற்கின்றன. மயிலின் கொண்டையை எண்ணலாம். கைப்பிடிச் சுவரில் நான்கு எண்களும் தெரிகின்றன. அதைத்தான் இப்போது பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் புது வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். என் நாற்பது படங்களும் கைபேசியில்தான் இருக்கின்றன.