கறுத்த முகத்துக்கு வெள்ளைப் பூச்சு

நாமக்கல் பக்கம் ஒரு கிளைப்பங்கில் நாம் பணிபுரிந்த காலத்தில் நடந்தது இது. அங்கே மரத்தாலான பழைய மாதா சுரூபம் ஒன்று இருந்தது. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மெழுகுதிரிப் புகையும் ஏறி அதன் முகம் கறுத்துப் போயிருந்தது. திருவிழாக் குழுவினர் அதனைச் சேலத்துக்குக் கொண்டுசென்று, ரோஜா நிற எனாமல் பூசி, நீலக் கண் எழுதித் திரும்பக் கொணர்ந்து நிறுத்தினர். செலவுச் சீட்டில் கையொப்பமிட்டவர் நாமே. கொடியேற்றத்தன்று, களைவெட்டிப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் நெடுநேரம் அதனைப் பார்த்து நின்றுவிட்டு, "சாமி, இந்தம்மா யாருங்க? எங்க ஆத்தாவை எங்க கொண்டுபோய் வச்சீங்க?" என்று கேட்டார். குழுவினர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை வெட்கப்படுகிறோம்.

இஃது ஓர் ஊரின் கதையன்று. பழைய சுரூபங்களை அகற்றிவிட்டு, பளபளக்கும் கண்ணாடியிழைச் சுரூபங்களை வாங்கி வைப்பதே பக்தி வளர்ச்சி என்றாகிவிட்டது. கெபிகள் தோறும் ஒரே முகம். பாலில் தோய்த்தெடுத்தாற் போன்ற ஒரே நிறம். வெண்மைதான் தூய்மை என்று எந்தச் சங்கம் வரையறுத்தது? அமல உற்பவக் கோட்பாட்டில் தோலின் நிறம் எந்த வரியில் வருகிறது? இறையியல் பயின்ற நாமே இதைக் கேட்காமல் மந்திரித்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த மண்ணில் பெண்ணுருவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. காற்றும் மழையும் இடியும் தாக்கினும் எழில் குன்றாத கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் பாடி வைத்தார்கள். மலையடிவார மக்கள் அவளை எட்டுக்கை அம்மனாக இன்றும் வணங்குகிறார்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குக் காட்டினாள் என்று கணிதமேதை இராமானுஜன் நம்பினார். ஆடி பிறந்தால் சேலம் கோட்டை மாரியம்மன் முன் மாவிளக்கும் வேப்பிலையுமாக நகரமே திரள்கிறது. இவற்றைவிட நம் நெஞ்சைத் தொடுவது, முகமே இல்லாத பூவாடைக்காரிதான். வாழவேண்டிய வயதில் மாண்டுபோன தம் வீட்டுப் பெண்ணை, திருமணத்துக்கு முன் பூவும் புதுச்சேலையும் வைத்து அழைத்து வழிபடும் குடும்பங்கள் இச்சமவெளியில் பல உண்டு. நம் விசுவாசம் வேறு, அதில் மயக்கமில்லை. ஆயினும் அந்தக் கும்பிடுதலில் ஓர் உண்மை இருக்கிறது: வணங்கப்படுபவள் இந்த வீட்டுப் பெண். நம் பீடத்தில் நிற்பவள் யார் வீட்டுப் பெண்?

மெக்சிகோ நாட்டைப் பாருங்கள். 1521-இல் இசுபானியர் அந்நாட்டை வென்று, கோயில்களை இடித்து, மக்களைக் கொத்தடிமைகளாக்கினர். பத்தாண்டுகள் கழித்து, 1531 டிசம்பரில், தெப்பேயாக் குன்றின் மீது யுவான் தியேகோ என்ற பழங்குடி விசுவாசிக்கு அன்னை காட்சி தந்தார் என்பது மரபு. ஆண்டவர்களின் மொழியை விடுத்து, அவனுடைய நகுவாத்தல் மொழியிலேயே பேசினார். கற்றாழை நாரில் நெய்த அவன் மேலாடையில் பதிந்த முகமோ மாநிறம். மக்கள் அவரை 'கறுத்தவளே' என்று கொஞ்சி அழைக்கிறார்கள். அக்குன்று முன்னர் 'எங்கள் தாய்' எனப் பொருள்படும் தொனான்த்சின் தேவதையின் இடமாயிற்றே, பழைய வழிபாடல்லவா புதிய பெயரில் நடக்கிறது என்று, பெர்னார்தீனோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி அந்நூற்றாண்டிலேயே கவலைப்பட்டார். நம் குழுவினரின் அச்சம் புதிதன்று! ஆனால் 1810-இல் இதல்கோ என்ற பங்குக்குரு விடுதலைப் போருக்கு எழுந்தபோது அந்த அன்னையின் படத்தையே கொடியாக ஏந்தினார். 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் யுவான் தியேகோவைப் புனிதராக்கினார். இன்னொன்றும் சொல்லவேண்டும். 1978-இல் யோலாந்தா லோப்பெசு என்ற அமெரிக்க மெக்சிகோ வழி ஓவியர், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து வேலை செய்யும் தம் தாயை, குவாதலூப்பே அன்னையின் ஒளிவட்டத்துக்குள் வைத்து வரைந்தார். நிந்தை என்றனர் சிலர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிபாளையத்து விசைத்தறியில் இரவு முழுதும் நின்று கண் சிவக்கும் பெண்ணை அந்த ஒளிக்குள் வைத்து வரைய நம்மிடையே ஓர் ஓவியரும் இல்லையே என்றுதான் தோன்றியது.

மெக்சிகோ வரை போவானேன்? 1623-இல் சேலத்துக்கு வந்த தத்துவ போதகர் காவி தரித்துத்தான் வந்தார். தேம்பாவணி தந்த வீரமாமுனிவர், கோணான்குப்பத்தில் தாம் எழுப்பிய ஆலயத்துக்கு, தமிழ்ப்பெண்ணைப் போல் சேலை உடுத்திய அன்னையின் சுரூபத்தை மணிலாவில் செய்வித்து வரவழைத்தார் என்பர். பெரியநாயகி என்று பெயருமிட்டார். விருத்தாசலத்து அம்மனுக்கும் அதுவே பெயர் என்பது அவருக்குத் தெரியாதா? இத்தாலியில் பிறந்தவர் அன்னைக்குச் சேலை உடுத்தினார். ஓமலூரிலும் இராசிபுரத்திலும் பிறந்த நாம் அன்னைக்கு இத்தாலிய முகத்தை வேண்டி நிற்கிறோம்.

"கறுப்பாயிருந்தால் காளி போலத் தோன்றுமே" என்பார் ஒருவர். நாசரேத்தின் வெயிலில் தண்ணீர் சுமந்த யூதப்பெண்ணுக்கு நீலக் கண்ணையும் ரோஜாக் கன்னத்தையும் கொடுப்பதுதான் கற்பனை என்று அவருக்குச் சொல்வோம். 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மரியன்னை வணக்கம் குறித்து எழுதிய மடலில், மரியா வாய்மூடிப் பணிந்திருந்த பெண்ணல்லர், வறுமையும் துன்பமும் நாடுகடத்தலும் கண்ட உறுதிமிக்க பெண் என்று காட்டினார். வலியோரை அரியணையினின்று இறக்கும் இறைவனைப் பாடியவருக்கு அலங்காரப் பொம்மையின் முகம் எப்படிப் பொருந்தும்?

"நிறத்தில் என்ன இருக்கிறது, பக்திதானே வேண்டும்" என்பாரும் உளர். நிறத்தில் ஒன்றுமில்லை என்றால், மாற்றியது ஏன்? நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் 'மணமகள் தேவை' விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். 'சிவந்த நிறம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நிறம் குறைந்தால் நகை கூடவேண்டும். நகை கூடவேண்டும் என்றால் பெண் சுமை. பெண் சுமை என்றெண்ணிய இம்மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 1992-இல் தொடங்க வேண்டியதாயிற்று. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர். 2011-இல் நிலைமை தேறியது, முழுதும் தேறவில்லை. சுரூபத்தின் வண்ணத்தால் குழந்தைகள் மாண்டன என்று நாம் சொல்லவில்லை, அது மடமை. ஆனால் கறுத்த பெண் குழந்தையை ஏந்திக் கோயிலுக்கு வரும் தாய்க்கு, உன் மகளின் முகம் இறைவனின் தாய்க்கு ஆகாத முகம் என்று நம் பீடம் ஞாயிறு தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே பீடத்தில் நின்று பெண் சிசுக்கொலையைக் கண்டித்து நாம் மறையுரை ஆற்றியிருக்கிறோம். தாய்மார் எதை நம்புவார்கள், கண்ணால் கண்டதையா, காதால் கேட்டதையா?

அந்த மூதாட்டி இன்றில்லை. எனாமலைச் சுரண்டி எடுக்க முடியுமா என்று மரவேலை தெரிந்த ஒருவரிடம் பின்னர் விசாரித்தோம். மரத்துக்குக் கேடின்றி எடுக்கலாம், பொறுமைதான் வேண்டும் என்றார். அதற்குள் நமக்கு மாற்றல் வந்துவிட்டது. இப்போதுள்ள பங்கிலும் செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் புதுச் சுரூபம் வேண்டுமாம். விலைப்பட்டியல் நம் மேசைமேல் கிடக்கிறது. படத்திலுள்ள முகம் நமக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். இம்முறை கையொப்பமிடுவதாக இல்லை.