துணையைப் பிரிக்காதே

கொரோனா வந்தது; 2020 மார்ச் 17 அன்று தமிழ்நாட்டில் பள்ளிகளை மூடினார்கள். அறிவுசார் குறைபாடு உடையோருக்கான எங்கள் சிறப்புப் பள்ளிகளும் மூடப்பட்டன. மறுநாள் காலை சீருடை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர்கள் எங்கள் வீடுகளில் இருந்தார்கள். வேன் ஏன் வரவில்லை என்று யாரால் விளக்க முடியும்? கையில் கிருமி இருக்கிறது என்றால் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது.

அன்றாட ஒழுங்குதான் அவர்களுக்குத் தரை. அது நழுவியதும் தூக்கம் போயிற்று. தங்கள் கையையே கடித்தார்கள், சுவரில் தலையை முட்டினார்கள், முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்தார்கள். வலிப்பு மாத்திரை தீர்ந்த வீடுகளில் இரவெல்லாம் விழித்திருந்தோம். சென்னையில் தொற்று வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள். அந்தத் தகரத்துக்குப் பின்னால் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால், முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டுவது யார்? கால் கழுவி விடுவது யார்?

  

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேரிடரிலும் சமப் பாதுகாப்பு உண்டு என்று 8ஆம் பிரிவில் சொல்கிறது. 2020 மார்ச் 26 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், பராமரிப்பாளர்களுக்கு ஊரடங்கில் அனுமதிச் சீட்டு தரச் சொல்லியிருந்தது. தெருமுனைத் தடுப்பில் நின்ற காவலருக்கு அந்தக் காகிதம் போய்ச் சேரவில்லை. அடி வாங்காமல் திரும்பியதே பெரிது என்றிருந்தோம்.

இங்கிலாந்தில் முதல் அலையின்போது, 18 முதல் 34 வயது வரையிலான அறிவுசார் குறைபாடு உடையோர், அதே வயதுடைய மற்றவர்களைவிட 30 மடங்கு வீதத்தில் கொரோனாவால் இறந்தார்கள் என்று அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையே கணக்குக் காட்டியது. 2021 பிப்ரவரியில், அங்கே அறிவுசார் குறைபாடு உடையோர் பதிவேட்டில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னுரிமையில் தடுப்பூசி போடச் சொன்னார்கள். நம் நாட்டில் மார்ச் 1 அன்று வரிசை திறந்தபோது 60 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 45 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பட்டியலில் உள்ள நோயோ குறைபாடோ இருக்க வேண்டும். முப்பது வயதுக்காரர் மே வரை காத்திருந்தார். கணக்கு எடுத்த நாடு முடிவும் எடுத்தது. எங்கள் சாவையும் தனியே எண்ணுங்கள் என்று கேட்பது அதனால்தான்.

நாங்கள் தொடங்கும் இந்த இயக்கத்தின் கொள்கை ஒன்றே: அறிவுசார் குறைபாடு உடையவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் பேரிடரில் ஓர் அலகு. அனுமதிச் சீட்டு இருவருக்கும். தடுப்பூசி இருவருக்கும் ஒரே நாளில். வார்டில் ஒருவருக்குப் படுக்கை என்றால் பக்கத்தில் மற்றவருக்குப் பாய். 'அட்டெண்டருக்கு அனுமதி இல்லை' என்ற பலகை எங்களுக்குப் பொருந்தாது. எங்கள் செயற்குழுவில் பெற்றோர் மட்டும் உட்கார மாட்டோம்; யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களும் உட்காருவார்கள், அவர்களுக்குப் புரியும் வேகத்தில்தான் கூட்டம் நடக்கும்.

முதல் வேலை மாநாடு அல்ல, வீட்டுக்கு ஒரு தாள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு. எதைப் பார்த்தால் பயம், எந்தப் பாட்டுக்கு அமைதி. அம்மா படுத்துவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். கடைசி வரிதான் பெரும்பாலான வீடுகளில் வெறுமையாக இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவராவது அங்கே தன் பெயரை எழுதித் தரும்வரை அடுத்த தெருவுக்குப் போக மாட்டோம்.