நூம்பலில் எத்தனை எழுத்து?



சென்ற டிசம்பர் தொடக்கத்தில் சென்னைப் புறநகரான நூம்பலில் இருந்து ஒரு வாசகி எங்கள் இதழ் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "சார், எங்க வீட்டுக்கு மாசம் ரெண்டு புத்தகம் வருது. எதிர் வீட்டுக்காரங்களும் சந்தா கட்டியிருக்காங்க. அவங்களுக்கு அக்டோபர்ல இருந்தே வரலை. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

கேட்கவே வருத்தமாக இருந்தது. பணம் கட்டியவர் வீட்டுக்கு இதழ் போகவில்லை என்றால் அதற்கு நாங்கள்தானே பொறுப்பு?

அன்று மாலையே சந்தா பிரிவில் வேலை செய்யும் பெண்ணோடு உட்கார்ந்து எக்செல் பட்டியலைத் திறந்தேன். ஃபில்டரில் நூம்பல் என்று போட்டால் பாதிப் பேர்தான் வந்தார்கள். ஆங்கிலத்தில் சிலர் 'என் யூ' என்று தொடங்குகிறார்கள், சிலர் 'என் ஓ ஓ' என்று. ஒற்றை 'ஓ'வோடு நிறுத்தியவர்களும் உண்டு. இன்னும் சிலர் ஊர்ப் பெயருக்குப் பதில் வேலப்பன்சாவடி என்றோ திருவேற்காடு என்றோ போட்டிருந்தார்கள். யார் எழுதியதும் தப்பில்லை. தபால்காரர் எல்லாவற்றையும் சரியான தெருவில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஆனால் கணினிக்கு அவை ஐந்து வேறு ஊர்கள்.

போன் செய்த வாசகியின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். அதனால்தான் இரண்டு புத்தகம்.

எதிர் வீட்டுக்காரரின் கதை வேறு. அவருடைய சந்தா டிசம்பர் 9-ஆம் தேதிதான் முடிகிறது. 09/12 என்று சரியாகத்தான் பதிந்திருக்கிறார்கள். பட்டியலைத் திறந்த கணினியோ அமெரிக்க வழக்கத்தில் மாதத்தை முதலில் படித்து, செப்டம்பர் 12 என்று எடுத்துக்கொண்டது. அதோடு இதழ் நின்றுவிட்டது. 25/12 என்று இருந்தவை தப்பித்தன. 25-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாதே! அவற்றைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. ஆக, ஒரே பட்டியலில் பாதி சரி, பாதி தவறு. எங்கேயும் ஒரு எச்சரிக்கை வரவில்லை. எனக்குக் கவலை தந்தது அதுதான்.

இது ஏதோ ஒரு சின்ன அலுவலகத்தில் நடந்த விஷயம் என்று நினைக்காதீர்கள். மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போல இருந்ததால், எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் விஞ்ஞானிகள் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்.

அதே 2020-இல், கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம், இங்கிலாந்தில் 15,841 பேருக்குத் தொற்று உறுதியானது தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை எட்டு நாள். காரணம், பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேல் வந்தவை உதிர்ந்துவிட்டன. தொற்று உறுதியானவர்களோடு பழகியவர்களை உடனே தேடிப்போய் எச்சரித்திருக்க வேண்டிய நாட்கள் அவை.

நம் வீட்டுக்கும் இப்படிப் பட்டியலை அலசும் டேட்டா அனாலிசிஸுக்கும் என்ன சம்பந்தம் என்று இனி கேட்க முடியுமா? 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்து, 1.06 கோடிப் பெண்கள் தேர்வானார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் செலவாகிறதா என்றெல்லாம் சலித்துத்தான் பட்டியல் தயாரானது. இத்தனை பெரிய வேலையைக் கணினி இல்லாமல் செய்யவே முடியாது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு வரிசையில் ஒரு கட்டம் என்பது அப்போது ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய்.

தமிழில் பெயரை எழுதினால் இன்னொரு சிக்கல். 'நூம்பல்' என்பதில் எத்தனை எழுத்து? இரண்டாம் வகுப்புக் குழந்தை நான்கு என்று சொல்லும். பைத்தான் நிரல்மொழியில் கேட்டுப் பாருங்கள், ஏழு என்று வரும். யூனிகோடில் 'நூ' என்பது ந-வும் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு. 'ம்' என்பது ம-வும் புள்ளியும். முதல் மூன்றை மட்டும் வெட்டி எடுங்கள் என்றால் புள்ளி போய் 'நூம' என்று நிற்கும். இனிஷியலுக்கு ஒரு கேரக்டர்தான் என்று ஒரு ஆப் கட்டம் போட்டு வைத்திருந்தால், முருகேசனுடைய பிள்ளையின் 'மு' வெறும் 'ம' ஆகிவிடும். அப்பா பெயர் மாறிவிட்டதே!

பக்கத்தில் இருக்கும் போரூரை எடுத்துக்கொள்ளுங்கள். 'போ'வில் உள்ள துணைக்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு போரூரை ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றில்லை என்று கணினி சொல்லும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானிலேயே நார்மலைஸ் என்ற வசதி இருக்கிறது. எழுத்தைத் தமிழ்க் கணக்கில் எண்ண, 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நூலகம் இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. தேடிப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

பட்டியலில் மட்டுமல்ல, போனில் இருக்கும் ஆப்களிலும் இப்படிக் குறைகள் உண்டு. ஆவடியில் இருக்கும் என் அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துத்தான் படிப்பார். ஒரு ஆப்பில் விண்ணப்பத்தை அரை மணி நேரம் பொறுமையாக நிரப்பியிருக்கிறார். ஓடிபி வந்தது. அதைப் பார்க்க மெசேஜுக்குப் போய்விட்டுத் திரும்பினால் விண்ணப்பம் காலி. முதலில் இருந்து நிரப்பினார். இந்த முறை 'அடுத்து' என்ற பட்டனையே காணவில்லை. கீபோர்டுக்கு அடியில் மறைந்துவிட்டது.

மாடி வீட்டில் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கும் பையனைக் கூப்பிட்டிருக்கிறார். "தம்பி, நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவன், "உங்க மேல ஒரு தப்பும் இல்ல ஆன்ட்டி, ஆப் எழுதினவங்கதான் இதைப் பார்த்திருக்கணும்" என்றானாம்.

அந்தப் பையனை மனதாரப் பாராட்டுகிறேன். எத்தனை வீடுகளில் அம்மாக்கள் "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறார்கள்! விண்ணப்பம் காலியானதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. மெமரி குறைவான போனில், நாம் வேறு ஆப்புக்குப் போனதும் ஆண்ட்ராய்டு பழையதை மூடிவிடுவது உண்டு. நிரப்பியதை அவ்வப்போது போனிலேயே சேமித்து வைக்க ஆப் எழுதியவர் ஏற்பாடு செய்திருந்தால் எதுவும் போயிருக்காது. எழுதுகிறவரின் விலை உயர்ந்த போனில் இந்தக் குறை தெரியவே தெரியாது. ஆண்ட்ராய்டு போனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இன்று தெருவுக்கு இரண்டு பிள்ளைகளாவது நிரல் எழுதப் படிக்கிறார்கள். நிரல் ஓடவில்லை என்றால் உடனே ஏஐ-யிடம் கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்ல உதவிதான். ஆனால் உங்கள் பட்டியலில் நாள் முதலில் இருக்கிறதா மாதம் முதலில் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்? பட்டியலைப் பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் திறந்து 'டேஃபர்ஸ்ட்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் எங்கள் சந்தாதாரரின் மூன்று மாதம் தப்பியிருக்கும். போன் நம்பரை எண்ணாக விடாமல் எழுத்தாகப் படிக்கச் சொன்னால், 91-ஓடு சேர்ந்த பன்னிரண்டு இலக்கம் '9.19 ஈ பிளஸ் 11' என்று சுருங்கி நிற்காது.

டாக்டரிடம் போய் "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்றா சொல்வோம்? எப்போதிலிருந்து, எந்த இடத்தில், என்ன சாப்பிட்ட பிறகு என்று சொல்கிறோம். நிரலில் தப்பு வந்தாலும் அப்படித்தான். என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். பத்தாயிரம் வரிசையில் தேடாமல், தப்பு நடக்கிற பத்து வரிசையை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். எங்கள் பட்டியலில் நூம்பலை மட்டும் பிரித்து வைத்ததும் மூன்று குறைகளும் ஒரு மணி நேரத்தில் கண்ணில் பட்டன.

படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதும் ஆப்பை முதலில் உங்கள் அம்மாவின் போனில், அம்மாவின் பெயரைத் தமிழில் போட்டு, அவர் வைத்திருக்கும் எழுத்து அளவிலேயே ஓட்டிப் பாருங்கள். பெற்றோரே, எங்கே தடுக்கிறது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

எதிர் வீட்டு வாசகருக்கு விட்டுப்போன மூன்று இதழ்களையும் அனுப்பிவிட்டோம். இப்படி வேறு யாருக்காவது வராமல் இருந்தால், உங்கள் சந்தா எண்ணோடு பெயரையும் ஊரையும் நீங்கள் வழக்கமாக எழுதுகிற மாதிரியே தமிழில் எழுதி ஒரு அஞ்சல் அட்டை போடுங்கள். சந்தா முடியும் மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரில் எழுதுங்கள். பட்டியலில் அப்படியே பதிந்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்